ஒரே வேலை, இரண்டு கூலி: வேலையிடப் பாகுபாடு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்விகளுக்குள் போகும் முன் ஒரு தகவல். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1976இன் சம ஊதியச் சட்டம் ‘ஊதியச் சட்டத் தொகுப்பு 2019’க்குள்ளும், 1961இன் மகப்பேறு பயன் சட்டம் ‘சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020’க்குள்ளும் போய்விட்டன. கீழே சொல்லும் சம ஊதிய, மகப்பேறு உரிமைகள் அடிப்படையில் பழைய சட்டங்களிலும் உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கியும் சேர்ந்திருந்தால், மனுவில் பழைய சட்டம், புதிய தொகுப்பு இரண்டின் பெயரையும் எழுதிவிடுங்கள். சட்டத்தின் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று மனுவைத் திருப்ப யாருக்கும் சாக்கு கொடுக்க வேண்டாம்.

கட்டட வேலைக்குப் போகிறோம். கலவை போடுவது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, ஜல்லி சுமப்பது எல்லாம் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். ஆண் ஆளுக்கு 800 ரூபாய், எங்களுக்கு 600. கேட்டால், “சிமென்ட் மூட்டை தூக்குறது அவங்கதானே” என்கிறார் மேஸ்திரி. இதைச் சட்டப்படி கேட்க முடியுமா?
*வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்*

முடியும். ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ பாலினத்தைப் பார்த்துக் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு. ‘ஒரே தன்மை’ என்பதற்கு அது வைத்திருக்கும் அளவுகோல்கள் நான்கு: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு. இவற்றில் சின்னச் சின்ன வேறுபாடு இருந்தாலும், நடைமுறையில் பெரிதாகக் கணக்கில் வராத வேறுபாடாக இருந்தால் அது செல்லாது.

மூட்டைக் கணக்கை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டை 50 கிலோ, கனம்தான். ஆனால் லோடு வருவது வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ. இறக்கி அடுக்க அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். மீதி நேரமெல்லாம் இருவரும் ஒரே சட்டியைத்தான் தூக்குகிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு இறக்குக்கூலி தனியாகக் கொடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. அதைக் காட்டி முழுநாள் கூலியில் 200 ரூபாய் வெட்ட முடியாது. லோடு வராத நாளிலும் அதே 200 வெட்டப்படுகிறதா என்று கேளுங்கள். மேஸ்திரியின் காரணம் அங்கேயே உடைந்துவிடும்.

யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கொத்தனார் கூலியைச் சித்தாள் கேட்டால் மனு நிற்காது, அது வேறு திறமை. ஆனால் பூச்சு வேலையும் கட்டு வேலையும் செய்துகொண்டே சித்தாள் கூலி வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒப்பிட வேண்டியது கொத்தனாரோடுதான். ஆண் சித்தாள் நான்கைந்து வருடத்தில் கரண்டி பிடித்துவிடுகிறார், பெண்ணுக்குத் தலைநரைத்தாலும் சட்டிதான் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அந்த வழக்கமே கூலி வித்தியாசத்துக்குக் காரணமாகக் காட்டப்படுவதைத்தான் ஏற்க முடியாது.

“கட்டுப்படியாகாது” என்ற பதிலும் வரும். பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்த ஒரு கப்பல் நிறுவன வழக்கில், 1987லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தச் சம்பளத்தை வைத்தோம் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. சமமாக்குகிறேன் என்று சொல்லி ஆண்களின் கூலியை இறக்குவதற்கும் சட்டத்தில் தடை உண்டு. இதை உடன் வேலை செய்யும் ஆண்களிடம் முதலில் சொல்லிவையுங்கள். அவர்கள் உங்களோடு நிற்பதா வேண்டாமா என்று தயங்குவது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

இனி கணக்கு. வித்தியாசம் ஒரு நாளைக்கு 200. மாதம் 22 நாள் வேலை என்றால் 4,400. மனுவை மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். 36 மாதத்துக்குப் பார்த்தால் ஒருவருக்கு 1,58,400 ரூபாய். அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு உரிமை உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு, அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மனு எங்கே சறுக்கும் என்றால், “இவங்க என்கிட்ட வேலையே செய்யலை” என்று மேஸ்திரி சொல்லும் இடத்தில். கூலியைச் சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிப்பது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. ஆனால் அங்கே வேலை செய்தீர்கள் என்பதை முதலில் நீங்கள்தான் காட்ட வேண்டும். வருகைப் பதிவேடு இல்லாத இடத்தில் உங்கள் நோட்டுதான் பதிவேடு. தேதி, எந்தக் கட்டடம், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உங்கள் கூலி, அன்று கூட வேலை செய்த ஆண் யார், அவர் வாங்கிய கூலி: இவ்வளவையும் அன்றன்றே எழுதுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து மூன்று மாதத்துக்கு எழுதிய நோட்டு பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஜிபேயில் கூலி வந்தால் அதை அழிக்காதீர்கள். தன் கூலியைச் சொல்ல ஆண் ஒருவர் முன்வந்தால் பாதி வேலை முடிந்தது.

மனுவில் மேஸ்திரி பெயரோடு கட்டுமான நிறுவனத்தின் பெயரையும் சேருங்கள். மேஸ்திரி தராவிட்டால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம், பதிவு பெற்ற சங்கமும் உங்களுக்காகப் போடலாம். தனியாகப் போனவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கொடுக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி தருவார்கள். தொலைபேசி எண் 15100.

இன்டர்வியூவில் “கல்யாணம் எப்போ?” என்று கேட்டார்கள். ஏஜென்ட் அனுப்பிய போஸ்டரிலேயே ‘18–26 வயது, திருமணமாகாத பெண்கள்’ என்று இருந்தது. இது சரியா?
*வாசகி, காஞ்சிபுரம்*

கேள்வி கேட்டதற்கு மட்டும் தண்டனை கிடையாது. ஆனால் பெண்ணுக்கு மட்டும் கல்யாணத்தைத் தகுதிக்குறைவாக வைத்து ஆளெடுத்தால் அது பாலினப் பாகுபாடு. வேலைக்கு எடுக்கும் கட்டத்துக்கும் 3ஆம் பிரிவு பொருந்தும். ராணுவ மருத்துவமனைச் செவிலியர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் வேலையைவிட்டு அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஐபோன் ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

சிக்கல் ஏஜென்ட்தான். “அது எங்க விளம்பரமே இல்லை” என்று கம்பெனி கைகழுவிவிடும். அதனால் போஸ்டரை அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, கம்பெனியின் எச்.ஆர். மின்னஞ்சலுக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: “இந்த வேலைக்குத் திருமணமாகாதிருப்பது தகுதியா?” ‘ஆம்’ என்று பதில் வந்தால் அதுவே ஆதாரம். ‘இல்லை’ என்றால் விண்ணப்பியுங்கள். பதிலே வராவிட்டாலும், நீங்கள் கேட்டதற்குப் பதிவு இருக்கிறது. இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்தால், “ஷிஃப்ட், வேலை நேரம் எதிலும் எனக்குத் தடையில்லை” என்று வேலையைப் பற்றி மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

வயதைப் பொறுத்தவரை, தனியார் நிறுவனம் 26க்கு மேல் வேண்டாம் என்று சொல்வதைத் தடுக்க இங்கே பொதுவான சட்டம் இல்லை.

ஐந்து மாதக் கர்ப்பம். ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை. “லீவு எல்லாம் தர முடியாது, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார் தாளாளர். ஒப்பந்தமும் மே மாதத்தோடு முடிகிறது.
*ஆசிரியை, நாமக்கல்*

ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்கு வரும் மகப்பேறு கடிதங்களில் பாதி, கையெழுத்துப் போட்ட பிறகு எழுதப்பட்டவை. ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு தாள் இருந்தால், வேலைநீக்கம் என்று வாதாடுவது மிகவும் கஷ்டம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்குள், என்ன சூழ்நிலையில் எழுத வைத்தார்கள் என்பதைச் சொல்லித் திரும்பப் பெறுவதாக அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும்.

உங்கள் உரிமை இதுதான். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய காலத்துப் பணத்தைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பணத்தைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடுவது ஒரு பழைய தந்திரம். ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு 12 வார விடுப்பில் 12 ஞாயிறுகளைக் கழித்துக்கொண்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஏழு நாள் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. ஆகவே 26 வாரம் என்றால் 182 நாள். சராசரி நாள் ஊதியம் 800 ரூபாய் என்றால் 1,45,600. இதைவிடக் குறைத்துச் சொன்னால் எந்த நாட்களைக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பணம் தருவது இ.எஸ்.ஐ., பள்ளி இல்லை. “எங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்ற பேச்சுக்கு அப்போது அர்த்தமே கிடையாது.

ஒப்பந்தம் முடிவது பற்றி: ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் மகப்பேறு பயன் நீளும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மே மாதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

இப்போதே செய்ய வேண்டியது: விடுப்பு தொடங்கும் தேதி, பிரசவத் தேதி, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பவற்றை எழுதி, மருத்துவரின் சான்று நகலோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். விடுப்புக் காலத்தில், அல்லது விடுப்பைக் காரணம் காட்டி, வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். அப்படி உத்தரவு வந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். குழந்தையோடு அலைவதில் இந்த அறுபது நாள் போவதே தெரியாது. அதனால் அந்தத் தாளை வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் விடுங்கள்.

பட்டறையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ. எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் பேப்பர் கப். போன வாரம் சூப்பர்வைசர் ரூமுக்குக் கூப்பிட்டு என் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா?
*வாசகர், கோவை*

இரண்டும் வேறு வேறு குற்றங்கள். புகாரிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

டம்ளர் விஷயம் தீண்டாமை. வேலையில் தீண்டாமையை வைத்துக் காட்டும் பாகுபாட்டுக்கு, 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அது தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள். எத்தனை நாளாக நடக்கிறது, டீ கொண்டுவருபவர் யார், பேப்பர் கப் கொடுக்கச் சொன்னது யார் என்று எழுதுங்கள்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். ஆனால் அது ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். வழக்குகள் அதிகம் விழுவது இங்கேதான். திருச்சி மாவட்ட அரசு அலுவலகம் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில், திட்டியபோது அறைக்குள் வேறு யாரும் இல்லை, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்பதால், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. ஆகவே கதவு திறந்திருந்ததா, வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்டதா, உள்ளே யார் நின்றார்கள் என்பதெல்லாம் உங்கள் புகாரில் முதல் பத்தியிலேயே வர வேண்டும். யாரும் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். இல்லாத சாட்சியைச் சேர்த்தால் உண்மையான டம்ளர் வழக்கும் சேர்ந்து விழும்.

சொன்ன வார்த்தையை நாகரிகம் கருதி ‘தகாத வார்த்தை’ என்று எழுதாதீர்கள். சொன்னது சொன்னபடி எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சாதிச் சான்றிதழ் நகல் வேண்டும். முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவோம் என்று நிலையத்தில் சொன்னால், 18ஏ பிரிவின்படி அது தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. வாங்க மறுத்தால் காவல்துறை கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமை உதவி எண் 14566க்கும் சொல்லுங்கள்.

வாட்ஸ்ஆப் செய்தி, ஆடியோ இருந்தால் அது வந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சாதியைக் கேட்டுவிட்டு வேலையே தராமல் விடும் தனியார் முதலாளியைப் பிடிப்பதற்கென்றே தனிச் சட்டம் இங்கே இல்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையில் இந்தியா 1960லேயே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 16ஆவது கூறு அரசு வேலைக்கு மட்டும். ஊதியச் சட்டத் தொகுப்பு பாலினத்தை மட்டும் பேசுகிறது. நடுவில் இருக்கும் இந்த ஓட்டை இத்தனை வருடமாக அடைபடவில்லை.

அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர். விபத்தில் கால் பாதிப்பு. ‘மெடிக்கல் அன்ஃபிட்’ என்று வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.
*வாசகர், விழுப்புரம்*

அனுப்ப முடியாது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இடம் இல்லை என்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்திடாமல், மாற்றுப் பணி கேட்டு மருத்துவ வாரியச் சான்றோடு மனு கொடுங்கள். பதில் இல்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். இந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான், தனியார் ஓட்டுநருக்கு இது கிடையாது.

வேலையில் சேரும் முன் மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்திருக்கிறார்கள்.
*பெயர் வேண்டாம்*

வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பதே 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி தடை செய்யப்பட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தின் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். பல இடங்களில் இது கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, லேப் கொடுத்த ‘பேக்கேஜ்’ அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. சொன்னதும் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் அந்தப் பட்டியலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்றே புகார் அலுவலர் இருக்க வேண்டும்.

திருநங்கை என்று தெரிந்ததும் சேர்ந்த சில நாளில் நிறுத்திவிட்டார்கள்.
*வாசகி, மதுரை*

2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு எதிலும் பாகுபாடு கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். முதல் கடிதத்தில் அவர் யார் என்று கேளுங்கள், நிறுத்தியதற்குக் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தனியார் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட ஓர் ஆசிரியைக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. அந்தத் தீர்ப்பை உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

நாற்பது பேர் வேலை செய்யும் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். புகார் வராமல் ஆளெடுக்கவும் சம்பளம் போடவும் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், திருப்பூர்*

முதலாளிகள் கேட்டு எழுதுவது அபூர்வம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

விளம்பரத்தில் ஆளைப் பற்றி எழுதாமல் வேலையைப் பற்றி எழுதுங்கள். ‘பெண் செக்கிங் ஆட்கள் தேவை’ என்பதற்குப் பதில் ‘செக்கிங் வேலைக்கு ஆட்கள் தேவை’. டெய்லரை எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே மெஷின், ஒரே துணி, ஒரே தையல், இருபது நிமிடம். தைத்த பீஸில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு மார்க் போடுங்கள். பேசிப் பார்த்துவிட்டு மார்க் போட்டால், ஊர்க்காரர், தெரிந்தவர், சாதிக்காரர் எல்லாரும் ஐந்து மார்க் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். நமக்கே தெரியாமல் நடக்கும் அது.

பீஸ் ரேட்டை வேலைவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே ரேட். தங்குமிடம், சாப்பாடு கொடுத்தால் அதை ரேட்டில் கழிக்காமல் தனிக் கணக்காக வையுங்கள். இரவு ஷிஃப்டுக்கு ஆண்கள் மட்டும் என்று வைத்து, அதனால் அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் கூடுதல் என்பதும் வேண்டாம். பெண்களுக்கு இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000லேயே நீக்கிவிட்டது. இப்போதைய சட்டத்தில் அவர்களின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் போதும். இரவுப்படியை இரவில் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் கொடுங்கள்.

பத்து பேர் இருந்தாலே 2013ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். வெளி உறுப்பினராக உங்கள் ஆடிட்டரைப் போடாதீர்கள். அவர் உங்களிடம் பணம் வாங்குபவர் என்ற ஒரு காரணமே குழுவின் முடிவைக் கேள்விக்குள்ளாக்கிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பளப் பட்டியலை எடுத்து, பெயரை மறைத்து, செய்யும் வேலை, சேர்ந்த வருடம், ஆணா பெண்ணா, சம்பளம் என்ற நான்கு கட்டத்தில் வரிசைப்படுத்துங்கள். ஒரே வேலை, ஒரே அனுபவம், ஆனால் சம்பளம் வேறு என்று வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ‘சேரும்போது அவர் அவ்வளவுதான் கேட்டார்’ என்பது காரணத்தில் சேராது. எழுதக் காரணம் கிடைக்காத ஜோடியில் குறைந்த சம்பளத்தை அடுத்த மாதத்திலிருந்தே ஏற்றுங்கள். மேலே இருப்பதை இறக்கிச் சமன் செய்தால், திருவண்ணாமலை வாசகிக்குச் சொன்ன அதே 3ஆம் பிரிவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.